மார்ச்சில் நாற்பது

அறிவுமதி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட நாளைத் தேதியோடு சொல்லலாம். 2006, ஜூன் பதினாறு, வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடு. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு தூங்கி வழிகிற நேரம். கணக்கு எடுக்கும் ஜெனவியேவ் மிஸ் ஒரு கட்டு இளஞ்சிவப்பு அட்டைகளோடு உள்ளே வந்தார். சென்னையில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அன்று காலைதான் வந்திருந்தார். பயிற்சிக்குப் போய் வருகிற டீச்சர்கள் எல்லோரையும் போல அவருக்கும் ஒரு வாரத்துக்கு உலகத்தையே திருத்திவிடும் வேகம் இருந்தது.

“இது இலக்கு அட்டை,” என்றார். “இந்த வருஷம் எதை அடையப் போறீங்கன்னு இதுல எழுதணும். கலெக்டர் ஆவேன், ராக்கெட்ல போவேன்னு எழுதறவங்க அட்டைய நானே கிழிச்சிடுவேன். எட்டற தூரத்துல வைங்க. மார்க் போடுங்க, மாசம் போடுங்க. முக்கியமா, இப்ப எங்க நிக்கறீங்கன்னு உண்மைய எழுதுங்க. நிக்கற இடமே தெரியாதவன் எந்த பஸ்ஸுல ஏறுவான்? தமிழ்லயே எழுதலாம்.”

பின் வரிசையிலிருந்து விக்ரம் கையைத் தூக்கினான். “மிஸ், வீட்டுல காட்டுவீங்களா?”

“யாருக்கும் காட்ட மாட்டேன். பிரின்சிபாலுக்கும் கிடையாது, அப்பா அம்மாவுக்கும் கிடையாது. பாவசங்கீர்த்தனம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. எங்கிட்ட சொன்னது என்னோட நின்னுடும்.”

அறிவுமதி கருவடிக்குப்பத்துப் பெண். அவள் வீட்டுச் சாமி அங்காளம்மன். பாவசங்கீர்த்தனம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அமேலியிடம் கிசுகிசுத்துக் கேட்டாள்.

“கோயில்ல சாமியார்கிட்ட போயி நாம செஞ்ச தப்பையெல்லாம் சொல்லுவோம்டி. தலையே போனாலும் அவர் அத வெளிய சொல்லக் கூடாது,” என்றாள் அமேலி.

அந்த விளக்கம் அறிவுமதிக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குக் கணக்கு விட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் வாங்கிய மார்க்கெல்லாம் அமேலியின் தயவு. அமேலி தாராள மனசுக்காரி, பரீட்சையில் விடைத்தாளைக் கொஞ்சம் சாய்த்தே வைப்பாள். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டில் அறிவுமதிக்குக் கணக்கில் நாற்பத்தொன்று வந்தது. அவள் அப்பா ராஜாங்கம் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர். அந்த நாற்பத்தொன்றை ஷிப்ட் மாற்ற வந்தவன், லாரி டிரைவர், டீக்கடைக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்து, இரவு முட்டை பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பரோட்டா அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆகவே அட்டையில் இப்படி எழுதினாள்.

“போன வருடம் கணக்கில் 41. அது என்னுடையது அல்ல, பக்கத்தில் பார்த்து எழுதியது. லீவில் பழைய கேள்வித்தாளை வைத்து யாரையும் பார்க்காமல் எழுதி நானே திருத்தினேன். 19 வந்தது. நான் நிற்கும் இடம் இதுதான். காலாண்டில் 25. அரையாண்டில் 32. மார்ச்சில் 40. பிறகு இதே பள்ளியில் பிளஸ் ஒன். அதற்குப் பிறகு லேப் டெக்னீஷியன். இனிமேல் யாரையும் பார்த்து எழுத மாட்டேன்.”

லேப் டெக்னீஷியன் என்பது வாய்க்கு வந்ததை எழுதியதல்ல. அவள் அம்மா பார்வதி ஒரு ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அறிவுமதி லேப் வாசலில் நின்று பார்ப்பாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டி வரிசையாக அடுக்குவாள். டாக்டர்கூட அந்த அக்கா எழுதித் தருகிற காகிதத்துக்காகக் காத்திருப்பார். பத்தாவது ஒழுங்காகப் பாஸ் பண்ணி, பிளஸ் டூ முடித்தால் அந்தப் படிப்புக்குப் போகலாம் என்று அக்காவே சொல்லியிருந்தாள். அறிவுமதி கேட்டது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே கிடந்தது கணக்கு ஒன்றுதான்.

விக்ரமும் அட்டை எழுதினான். அவனுடைய கணக்கு மார்க்கும் பக்கத்துப் பெஞ்சில் விளைந்ததுதான். ஆனால் விவரமானவன். ‘மார்ச்சில் 95’ என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்துவிட்டான். மெய் சொல்லிக் கெட்டவனுமில்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனுமில்லை என்பார்கள். அதைச் சொன்ன மகராசன் வருஷா வருஷம் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளியில் படித்திருக்க மாட்டான்.

பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம். ‘தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம்’ என்று வாசலில் பேனர் கட்டியிருக்கும். அந்தப் பேனருக்குக் கீழே நுழையும்போது அறிவுமதிக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லோரையும் எப்படிப் பாஸாக்குகிறார்கள் என்று அவளும் யோசித்ததில்லை, அவளைச் சேர்த்துவிட்ட அப்பாவும் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை ஜெனவியேவ் மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அட்டையைக் கையில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. அன்றைக்கு அவர் உண்மையாகத்தான் இருந்தார். அதுதான் பின்னால் அறிவுமதிக்குப் பொறுக்க முடியாமல் போனது.

“நாப்பத்திரண்டு பேர் எழுதினதுல உன்னுது ஒண்ணுதான் இலக்கு, மதி. மத்ததெல்லாம் வாழ்த்து மடல். சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. பத்து மணிக்கு. நான் சொல்லித் தரேன்.”

மிஸ்ஸின் வீடு முத்தியால்பேட்டையில் இருந்தது. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ரிடையரானவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துவிடும். அண்ணன் பாரீசில் இருந்தார். வீட்டில் எல்லோருக்குமே பிரெஞ்சுக் குடியுரிமை. மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. ‘நீயும் அங்கே போய்விடு, மாப்பிள்ளை பார்த்தாயிற்று’ என்று வீட்டில் இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் பிடிவாதமாக இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் அறிவுமதி சைக்கிளில் போவாள். சாப்பாட்டு மேசையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். கூடத்தில் சொல்தா பிரெஞ்சு டி.வி.யைச் சத்தமாக வைத்திருப்பார். மிஸ் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தார். “இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, அடித்தளம் இல்லாம மாடி கட்ட முடியாது,” என்பார். மூன்றாவது சனிக்கிழமை ஒரு சமன்பாடு தானாக அவிழ்ந்து வந்தபோது அறிவுமதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். தன் மூளை ஒன்றும் களிமண் இல்லை என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மிஸ் என்றால் உயிர்.

வகுப்புத் தேர்வில் அமேலி விடைத்தாளைச் சாய்த்தால் இவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அமேலிக்கு அது புரியவில்லை.

“ஏண்டி, இப்ப என்னா வந்துச்சு உனக்கு?”

“அட்டைல எழுதிட்டேன், பாக்க மாட்டேன்னு.”

“எல்லாத்தையுமா எழுதின? லூசு. என் பேரையுமா?”

“பேரு எழுதல. மிஸ் உண்மைய எழுதச் சொன்னாங்க இல்ல?”

“மிஸ் சொல்லுவாங்க. சொல்றதையெல்லாம் செய்வியா?” என்றாள் அமேலி.

காலாண்டு வந்தது. யாரையும் பார்க்காமல் எழுதினாள். இருபத்தாறு. பெயில் மார்க்குக்குத் துள்ளிக் குதித்த பிள்ளை அந்தப் பள்ளியில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மிஸ்ஸும் அவள் தோளைத் தட்டி, “இலக்குக்கு மேல ஒண்ணு!” என்றார். வீட்டில் அவள் மார்க்கைக் காட்டியபோது அப்பா நெற்றியைச் சுருக்கினார். “போன தடவ நாப்பத்தொண்ணு எடுத்தவ தானே?” என்றார். “பத்தாவது கஷ்டம்பா, ஏறிடுவேன்,” என்று சமாளித்துவிட்டாள். அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் விட்டு வைத்திருந்தாள். மார்ச்சில் நாற்பது எடுத்துவிட்டு, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

நவம்பர் மூன்றாம் வாரம் பிரின்சிபால் அறையிலிருந்து ஆள் வந்தது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ராஜாங்கம் யூனிபார்மைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பார்வதி ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அறைக்கு வெளியே இன்னும் எட்டுக் குடும்பங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் காலாண்டுக் கணக்கில் பாஸ் மார்க்கான முப்பத்தைந்தை எட்டாத பிள்ளைகளின் குடும்பங்கள். அந்த வரிசையில் விக்ரம் இல்லை. அவன் வழக்கம்போல அக்கம்பக்கம் பார்த்து முப்பத்தேழு எடுத்திருந்தான்.

பிரின்சிபால் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை மேசையில் அவர்கள் பக்கம் தள்ளினார். ஜெனவியேவ் மிஸ் ஜன்னலோரமாக நின்றிருந்தார்.

“பரீட்சைக்குப் பேர் லிஸ்ட் அனுப்பற நேரம். உங்க பொண்ணு கணக்குல இருபத்தாறு. ஸ்கூல் மூலமா எழுதிப் பெயில் ஆனா அவளுக்குத்தான் அவமானம். நீங்களா டி.சி. வாங்கிக்கிட்டு, டுட்டோரியல்ல சேர்த்து, தனித்தேர்வரா எழுத வைங்க. பிரஷர் இருக்காது.”

“தனியா எழுதி பாஸ் பண்ணா, பிளஸ் ஒன் இங்க குடுப்பீங்களா சார்?” என்று கேட்டாள் அறிவுமதி.

“பிளஸ் ஒன் நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தாம்மா.”

லேப் வாசலில் நின்று பார்த்த வெள்ளைக் கோட்டுக்குப் போகிற வழியை இந்த ஒரு காகிதம் அடைத்துவிடும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மிஸ் சொல்வார். சொல்லாமல் எப்படி இருப்பார்? பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு வரை கூடவே நடந்தவர் அவர் ஒருவர்தானே? மிஸ் வெளியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளே சொன்னாள். “சார், இருபத்தாறு என் இலக்குக்கு மேல ஒண்ணு சார். அரையாண்டுல முப்பத்திரண்டு வெச்சிருக்கேன். மார்ச்சுல நாப்பது. மிஸ்ஸுக்குத் தெரியும்.”

பிரின்சிபால் சிரித்தார். “பாத்தீங்களா? அரையாண்டுலயும் பெயில் ஆகறதுக்கு இப்பவே பிளான் போட்டு வெச்சிருக்கா.”

ராஜாங்கம் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவர் மில்லில் தறி ஓட்டியவர்.

“சார், இந்த வாசகத்த நான் ஏற்கெனவே ஒரு தடவ படிச்சிருக்கேன்,” என்றார். “மில்லுலயும் இப்படித்தான் டைப் அடிச்சு வெச்சிருந்தாங்க. நானூறு பேருக்கு ஒரே நாள்ல ஒரே சொந்த விருப்பம் வந்துச்சு. அன்னிக்குப் போட்ட கையெழுத்துக்கு இன்னிக்கு வரைக்கும் கேட்டுல நின்னு சல்யூட் அடிச்சிக்கினு இருக்கேன். என் பொண்ணுக்கு அந்த விருப்பம் வரல. கையெழுத்து இல்லாம பேர எடுங்க பாப்போம். கல்வித் துறை ஆபீஸ் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அறிவுமதி அப்பா தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் கேரியரில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். “உங்கப்பனுக்கு இவ்ளோ வாய் இருக்கறது கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நான் கட்டிக்கினு இருக்க மாட்டேன்,” என்று பார்வதி பின்னால் மகளின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். மிஸ் பேசாமல் நின்றது மட்டும் அறிவுமதிக்குள் முள்ளாகக் குத்தியது. பிரின்சிபால் எதிரில் பேச முடியாதுதானே, பாவம், என்று அவளே அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஜெனவியேவ் மிஸ்ஸின் ஸ்கூட்டி கருவடிக்குப்பத்துச் சந்துக்குள் வந்து நின்றது. அறிவுமதிக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடி முகம் கழுவினாள். பார்வதி பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டாள். அன்றைக்குப் பேச முடியாததை இன்றைக்கு வீடு தேடி வந்து பேசப் போகிறார் என்றுதான் அறிவுமதி நினைத்தாள். மிஸ் வாங்கி வந்த கேக் பொட்டலத்தைப் பிரிக்காமல் மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க அன்னிக்குப் பேசினது நியாயம்தான்,” என்று மிஸ் ராஜாங்கத்திடம் ஆரம்பித்தார். “ஆனா ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. தெரியாம சண்டை போட்டு நாளைக்கு உங்களுக்கு அசிங்கமாகிடக் கூடாது.”

கைப்பையைத் திறந்தார். இளஞ்சிவப்பு அட்டையை எடுத்தார்.

அறிவுமதிக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. தன் அட்டை போலவே இருக்கிறதே என்று பார்த்தாள். அப்புறம் தன் கையெழுத்து தெரிந்தது. “மிஸ்,” என்றாள். “மிஸ், அது...” அதற்குள் அட்டை அப்பாவின் கைக்குப் போய்விட்டது.

ராஜாங்கம் எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாய்விட்டுப் படிப்பவர். “போன வருடம் கணக்கில் நாப்பத்தொண்ணு. அது என்னுடையது அல்ல. பக்கத்தில்...” குரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை மனசுக்குள்.

“பாத்து எழுதினியா?”

“ஆமாப்பா. ஆனா இப்ப இல்லப்பா. கடைசி வரியப் படிங்க. கடைசில எழுதியிருக்கேன் பாருங்க.”

அவர் கடைசி வரியைப் படிக்கவில்லை. மேட்டுப்பாளையத்து டீக்கடையில் அவர் ஒவ்வொருத்தரிடமும் சொன்ன நாற்பத்தொன்று அவர் முகத்தில் வந்து அறைந்துகொண்டிருந்தது.

மிஸ் குனிந்தபடி பேசினார். மிருதுவான குரல், சனிக்கிழமைகளில் ஈக்வேஷன் சொல்லித் தருகிற அதே குரல். “இது பிரின்சிபால் கண்ல பட்டா காண்டக்ட் சர்டிபிகேட்ல எழுதிடுவார். காப்பி அடிச்சவள்னு வாழ்க்கை பூரா ஒட்டிக்கும். நான் அவருக்குக் காட்டல. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா காட்டவும் மாட்டேன். அவளுக்கு நானே பிரைவேட்டா சொல்லித் தரேன், சனிக்கிழமை எப்பவும் போல வரட்டும்.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருப்போம். கேக் வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்து அதைச் செய்கிறவர்களை அறிவுமதி அன்றுதான் பார்த்தாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. உடம்பு முழுவதும் எரிந்தது. யாராவது அடித்துப் பிடுங்கியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. சொல், சொல், என்னோடு நின்றுவிடும் என்று ஆசை காட்டி வாங்கிய உண்மை இது.

பார்வதிதான் வாயைத் திறந்தாள். “அது கொழந்தைங்க... ஏதோ தெரியாம...”

“நீ சும்மா இரு,” என்றார் ராஜாங்கம். கைப்பையிலிருந்து மிஸ் எடுத்து நீட்டிய கடிதத்தை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மகளைப் பார்த்து, “மில்லுல என்னை ஏமாத்தினவனுங்க எல்லாம் வெளியாளு பாப்பா,” என்றார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

மிஸ் ஸ்கூட்டியைக் கிளப்புவதற்குள் அறிவுமதி தெருவுக்கு வந்துவிட்டாள். கேக் பொட்டலத்தை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்தாள்.

“யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னீங்க.”

“மதி, நான் சொல்றத...”

“பாவசங்கீர்த்தனம்னு சொன்னீங்க மிஸ். எனக்கு அது என்னான்னே தெரியாது. அமேலிகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கினேன். அப்புறந்தான் எழுதினேன்.”

மிஸ் ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். “எங்கிட்டயும் எழுதி வாங்கியிருக்காங்க மதி. கணக்குல நூறு சதவீதம். ஒரு ஆள் பெயில் ஆனாலும் ஏப்ரல்ல எனக்கு வேலை இல்ல. வேலை இல்லன்னா வீட்டுல என்னைப் பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் வீட்டுக்கு. என்னோட இலக்கு இது ஒண்ணுதான். இங்கயே என் கால்ல நிக்கணும்.”

“நான் பெயில் ஆயிடுவேன்னு நினைக்கறீங்களா?”

“இல்ல. நீ பாஸ் பண்ணிடுவ. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“ஒருவேளை அன்னிக்கு உடம்பு சரியில்லாம... ஒருவேளை கேள்வி கஷ்டமா வந்து...” மிஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “நீயும் கொஞ்சம் எதார்த்தமா யோசிச்சுப் பாரு மதி.”

ஸ்கூட்டி சந்து முனையில் திரும்பி மறைந்தது. ஒரு ‘ஒருவேளை’க்காகத் தன்னை விற்றுவிட்டார் என்று அறிவுமதிக்குப் புரிந்தது. அதுவும் தன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நம்பிக்கை இருந்தே விற்றிருக்கிறார். இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை டி.சி. கைக்கு வந்தது. அதிலும் ‘பெற்றோர் விருப்பப்படி’ என்றே எழுதியிருந்தார்கள். ராஜாங்கம் மகளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒருநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, தனித்தேர்வர் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்று வாங்கி வந்து, டி.வி.யின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவள் பூர்த்தி செய்ததை மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் இருவருக்கும் நடுவில் நடந்தது.

டுட்டோரியலில் ஒரு அறையில் எழுபது பேர். மூன்று நாலு தடவை பெயிலானவர்கள், கடையில் வேலை பார்த்துக்கொண்டே வருகிறவர்கள், கைக்குழந்தையோடு ஒரு அக்கா. கணக்கு சார் கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு, “இத மனப்பாடம் பண்ணுங்க,” என்பார். ஏன் என்று கேட்டால், “ஏன்னு கேக்கறவ ஏன் இங்க வந்த?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அறிவுமதி வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தாள். இருபடிச் சமன்பாட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அமேலியிடம் கேட்கலாம் என்று போனாள். இவள் டி.சி. வாங்கிய விஷயம் பள்ளியில் பரவியதிலிருந்து அமேலியின் அம்மா மகளை இவளோடு சேர விடவில்லை. வாசலிலேயே, “அமேலி படிக்கறா,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்று சனிக்கிழமைகள் போயின. நான்காவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் டிசம்பர் பதினைந்து. பள்ளியின் அரையாண்டுக் கேள்வித்தாளை அமேலியின் தம்பி மூலமாக வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு எழுதித் திருத்தினாள். இருபத்தேழு. மார்ச்சுக்கு மூன்று மாசம் இருந்தது. இந்த ஊரில் எட்டாம் வகுப்பிலிருந்து அவளுக்குக் கணக்கு எங்கே அறுந்தது என்று தெரிந்த ஆள் ஒரே ஒருத்தர்தான். அந்த ஒருத்தரை நினைத்தாலே நெஞ்சு எரிகிறது. எரியட்டும் என்று விட்டால் கணக்கு வராது. நாள் முழுக்க இதையே மனசுக்குள் உருட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு முத்தியால்பேட்டையில் மணியை அடித்தாள். கதவைத் திறந்த ஜெனவியேவ் மிஸ், “வந்துட்டியா?” என்றார். “வா, வா. சாப்பிட்டியா?” என்று படபடத்தார். பூப்போட்ட விரிப்பைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். கூடத்தில் சொல்தா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவுமதி பிஸ்கட்டைத் தொடவில்லை. நோட்டை எடுத்து, முட்டிக்கொண்ட பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

மிஸ் எதிரே உட்கார்ந்தார். நோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார். “மதி, எம்மேல கோவமா இருக்கியா?”

“ஆமா மிஸ். கோவம்தான். நான் பாஸ் பண்ணாலும் போவாது,” என்றாள் அறிவுமதி. “இந்த நாலாவது கணக்கு வரல. சொல்லிக் குடுங்க.”